படிக்கட்டு விளக்கும் பட்டம் வாங்காத பேராசிரியரும்



பூலியன் அல்ஜீப்ரா என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் பேப்பர், கார்னா மேப், அதில் போட்ட வட்டம் சரியா தப்பா என்ற கவலை... அவ்வளவுதானே? அந்த வார்த்தைக்குள்ளே ஒரு மனுஷன் ஒளிந்துகொண்டிருக்கிறார். பெயர் ஜார்ஜ் பூல். செருப்புத் தைப்பவரின் மகன். ஒரு நாள்கூடக் கல்லூரியில் மாணவனாக உட்காராமல், நேராகக் கல்லூரிப் பேராசிரியராகவே உள்ளே போனவர்.

மலரில் எழுத எத்தனையோ பெரியவர்கள் இருக்க இவரை ஏன் பிடித்தேன் என்று கேட்பீர்கள். காரணம் நம்ம தாம்பரம் பக்கத்து ஃப்ளாட்டுகள். பெருங்களத்தூர், சேலையூர், மேடவாக்கம், குரோம்பேட்டை என்று அங்கங்கே சில வருஷங்களுக்கு முன் ஆசை ஆசையாய் மாட்டிய ஸ்மார்ட் சுவிட்சுகள் இப்போது வயசாகிக் கிடக்கின்றன. ரிலே ஒட்டிக்கொள்கிறது, உதிரி கிடைப்பதில்லை, செய்த கம்பெனியே கடையைக் கட்டிவிடுகிறது. பழசைக் கழற்றிப் புதுசு மாட்டும் வேலைக்கு நம் டிரிபிள்-ஈ ஆட்கள் போகிறார்கள். மாட்டியாச்சு, எல்லா லைட்டும் எரிகிறது, காசும் வாங்கியாச்சு. மறுநாள் காலை போன் வரும். கீழே போட்ட மாடிப்படி லைட் மேலே போனால் அணைய மாட்டேங்குது தம்பி. பொழுது சாய்ந்தால் தானாக எரியும் போர்டிகோ லைட் நேத்து எரியவே இல்லை தம்பி. திரும்பப் போய்ப் பார்த்தால் வயரிங் சரி, சுவிட்சும் புதுசு. அப்புறம் எதைத்தான் நாம் கழற்றி எறிந்துவிட்டு வந்தோம்? பதில் சொல்ல வேண்டியவர் பூல். கொஞ்சம் பின்னால் போய் அவரைப் பார்த்துவிட்டு வருவோம்.

இங்கிலாந்தில் லிங்கன் என்ற ஊரில் 1815-ஆம் வருஷம் நவம்பர் 2-ஆம் தேதி பிறந்தார். அப்பா ஜான் பூலுக்குச் செருப்புக் கடை. மனுஷனுக்குத் தோலையும் ஆணியையும்விட லென்ஸ் மேல்தான் உயிர். தொலைநோக்கி செய்வார், வருகிறவர்களுக்கு அதில் வானத்தைக் காட்டுவார். அப்படிப்பட்டவர் கடை எப்படி ஓடும் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் மகனுக்குக் கணக்கும் கருவிகளும் அங்கேதான் முதலில் கிடைத்தன. லத்தீன் கற்றுக்கொடுத்தவர் ஒரு புத்தகக் கடைக்காரர். கிரேக்கம் தானாகவே படித்தார். 14 வயசில் ஒரு கிரேக்கக் கவிதையை மொழிபெயர்த்தார். 1830-ல் அது உள்ளூர்ப் பத்திரிகையில் வந்தது. உடனே ஒரு பள்ளி ஆசிரியர், இந்த வயசுப் பையன் இதை எழுதியிருக்கவே முடியாது என்று பத்திரிகைக்கு எழுதிப் போட்டார். நன்றாக வேலை செய்யும் பிராஜெக்டைப் பார்த்ததும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் எவ்வளவுக்குடா வாங்கினே என்று கேட்கிறார்களே, அதே கேள்வி!

1831-ல் அப்பாவின் வியாபாரம் படுத்துவிட்டது. ஜார்ஜுக்கு 16 வயசுகூட நிறையவில்லை. பத்தாவது முடித்து நாம் டிப்ளமோ முதல் வருஷம் சேருகிற வயசு. அப்பா, அம்மா, தங்கை, தம்பிகள் எல்லோருக்கும் சோறு இனி இவர் கையில். டான்காஸ்டர் என்ற ஊருக்குப் போய் ஒரு பள்ளியில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். 19 வயசில் லிங்கனில் சொந்தமாக ஒரு சின்னப் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். பகலெல்லாம் பிள்ளைகளுக்குப் பாடம். ராத்திரியில் லக்ராய், லக்ராஞ்ச், லாப்லாஸ் என்று பிரெஞ்சுக் கணித மேதைகளின் புத்தகங்கள், அதுவும் பிரெஞ்சிலேயே. சொல்லித்தர ஆள் கிடையாது. ஏன் கணக்கைப் பிடித்தார் என்பதற்கு ஒரு காரணம் சொல்வார்கள். கதைப் புத்தகம் வாங்கினால் இரண்டு நாளில் முடிந்துவிடும். கணக்குப் புத்தகம் ஒன்று வாங்கினால் மாசக்கணக்கில் ஓடும், காசு மிச்சம். மாசக் கடைசியில் ஹாஸ்டலில் இருக்கிறவனுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே புரியும்.

1840-ஐ ஒட்டி, கேம்பிரிட்ஜில் டங்கன் கிரகரி என்பவர் நடத்திய கணித இதழுக்குத் தன் கட்டுரைகளை அனுப்பினார். கிரகரி அசந்துபோனார். கேம்பிரிட்ஜிலேயே சேர்ந்து பட்டம் வாங்கிவிடலாமா என்று பூலுக்கும் ஒரு ஆசை இருந்தது. ஆனால் சேர்ந்தால் செலவு உண்டு. சொந்த ஆராய்ச்சியை மூட்டைகட்டிவிட்டுப் பாடத்திட்டத்துக்குள் அடங்க வேண்டும். பள்ளியை மூடினால் வீட்டில் அடுப்பு எரியாது. அந்த ஆசையை அதோடு விட்டுவிட்டார். நம்மில் பி.இ. லேட்டரல் எண்ட்ரி ஃபாரத்தை வாங்கி வைத்துக்கொண்டே வேலைக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். பூல் நின்றது அந்த இடத்தில்தான். 1844-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவர் கட்டுரை ஒன்றுக்கு ராயல் மெடல் கொடுத்தது. அப்போதும் அவர் லிங்கனில் பிள்ளைகளுக்குக் கூட்டல் கழித்தல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த வாத்தியார்தான்.

இங்கே நம்ம ஊர்க்காரர் ஒருவர் வருகிறார். அகஸ்டஸ் டி மார்கன். ஆமாம், நாண்ட், நார் கேட்டுகளை மாற்றிப்போடும்போது நாம் கூப்பிடும் அதே டி மார்கன். அவர் பிறந்தது நம் மதுரையில், 1806-ல். அப்பா கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதிகாரி. கைக்குழந்தையாக இருக்கும்போதே இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பிறந்த கொஞ்ச நாளிலேயே ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. பின்னாளில் லண்டனில் கணிதப் பேராசிரியர் ஆனார். பூலுக்கும் அவருக்கும் கடிதம் மூலமாக நல்ல சிநேகம்.

டி மார்கனுக்கும் ஸ்காட்லாந்துத் தத்துவப் பேராசிரியர் வில்லியம் ஹாமில்டனுக்கும் தர்க்க சாஸ்திரத்தில் ஒரு பெரிய சண்டை வந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த பூலுக்கு ஒரு யோசனை. இவர்கள் வார்த்தையால் சண்டை போடுவதைக் கணக்காகவே எழுதிவிட்டால் என்ன? 1847-ல் ஒரு சின்னப் புத்தகமாக அதை வெளியிட்டார். டி மார்கனின் தர்க்க நூலும் அதே வருஷம் வந்தது. ஒருவர் மேல் ஒருவர் பொறாமைப்படவில்லை. இந்த விஷயத்தில் எனக்கு டி மார்கனை ரொம்பப் பிடிக்கும். வயசில் மூத்தவர், பதவியில் பெரியவர், லிங்கன் வாத்தியாரைத் தள்ளிவிட்டு முன்னே நின்றிருக்கலாம். மாறாக அவருக்கு வேலை கிடைக்கச் சிபாரிசுக் கடிதம் எழுதிக்கொடுத்தார்.

அப்படி என்னதான் கண்டுபிடித்தார் பூல்? நம்ம ஊர் உதாரணத்தோடு பார்ப்போம். தாம்பரத்தில் குடியிருக்கிறவர்கள் எல்லோரையும் 'அ' என்று வைத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரிக் டிரெயினில் போகிறவர்கள் எல்லோரும் 'இ'. அ பெருக்கல் இ என்றால் தாம்பரத்தில் குடியிருந்து டிரெயினிலும் போகிறவர்கள். உலகத்தில் உள்ள எல்லோரும் 1. ஒருவருமே இல்லை என்றால் 0. அப்போது 1−அ என்பது தாம்பரத்தில் இல்லாத மற்ற எல்லோரும். இதுவரை சாதாரணம்தான். இனிமேல்தான் விஷயம். தாம்பரத்துக்காரர்களை ஒரு தடவை சலித்து எடுத்தாச்சு. அந்தக் கூட்டத்தையே மறுபடி தாம்பரம் என்ற சல்லடையில் சலித்தால் யார் மிஞ்சுவார்கள்? அதே கூட்டம்தான். அதாவது அ × அ = அ. பள்ளிக்கூடக் கணக்கில் எந்த எண் இந்தச் சமன்பாட்டுக்குச் சரிவரும்? 2 வராது, 3 வராது. 0 வரும், 1 வரும். வேறு எதுவுமே வராது! ஆன், ஆஃப் என்று நாம் சொல்லும் அந்த இரண்டே இரண்டு நிலைகள் கணக்குக்குள் வந்து உட்கார்ந்தது இந்த வழியாகத்தான். 1847-ல் லைட் சுவிட்சும் கிடையாது, வீட்டில் கரண்டும் கிடையாது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1849-ல் அயர்லாந்தில் கார்க் என்ற ஊரில் புதிதாகத் திறந்த குயின்ஸ் கல்லூரிக்கு முதல் கணிதப் பேராசிரியராகப் பூலைத் தேர்ந்தெடுத்தார்கள். விண்ணப்பத்தில் பட்டம் என்ற இடத்தில் எழுத ஒன்றுமில்லை. உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் லட்சக்கணக்கான பேர் செத்து, மிஞ்சியவர்கள் கப்பலேறிக்கொண்டிருந்த சமயம் அது. அந்த ஊரிலேயே மீதி வாழ்க்கை முழுவதும் இருந்தார். 1854-ல் சிந்தனையின் விதிகளைப் பற்றிய பெரிய புத்தகம் வந்தது. இரண்டில் ஒன்று மட்டும், இரண்டும் சேர்ந்து அல்ல என்பதை அதில் எழுதிக்காட்டுகிறார். நம் எழுத்தில் போட்டால் அ(1−இ) + இ(1−அ). பார்த்த முகமாக இருக்கிறதா? எக்ஸ்-ஆர் கேட்! நம் வீட்டு மாடிப்படி லைட்டின் டூ-வே சுவிட்ச் இணைப்பும் இதேதான். கீழே தட்டினாலும் மாறும், மேலே தட்டினாலும் மாறும், இரண்டையும் தட்டினால் பழைய நிலைக்கே வந்துவிடும்.

1855-ல் கல்யாணம். மாப்பிள்ளைக்கு 39, பெண் மேரி எவரெஸ்டுக்கு 23. எவரெஸ்ட் என்றதும் மலை ஞாபகம் வந்தால் சரிதான். மலைக்குப் பெயர் தந்த ஜார்ஜ் எவரெஸ்ட் மேரிக்குப் பெரியப்பா முறை. அவர் தலைமை தாங்கிய மாபெரும் நில அளவை எங்கே ஆரம்பித்தது தெரியுமா? நாம் தினமும் டிரெயினில் கடந்து போகிற பரங்கிமலைப் பக்கத்தில். 1802-ல் வில்லியம் லாம்டன் 100 அடி எஃகுச் சங்கிலியை வைத்து அங்கிருந்து தெற்கே சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு அடிக்கோடு அளந்தார். இன்று அந்தப் பக்கமெல்லாம் அடுக்குமாடிகள். லாம்டனுக்குப் பிறகு 1823-ல் பொறுப்பேற்றவர் எவரெஸ்ட். மலைக்கு அவர் பெயரை வைத்தது 1865-ல். பூல் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

மேரி சாமானியப்பட்ட பெண் இல்லை. கணக்கில் ஆர்வம், தானே எழுதவும் செய்வார். 1901-ல் நம் ஜகதீஷ் சந்திர போஸுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். எவரெஸ்ட் இந்தியாவில் கற்ற சிந்தனை முறைதான் பூல், டி மார்கன் ஆகியோரையும் போய்ச் சேர்ந்தது என்று அதில் வாதாடுகிறார். படிக்க நமக்குப் பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் பூல் தன் முதல் தர்க்கப் புத்தகத்தை எழுதிய பிறகுதான் மேரியையே சந்திக்கிறார். அதனால் இந்தப் பெருமையைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. மதுரையும் பரங்கிமலையும் போதும். இன்னொன்று: 1890-களில் கல்கத்தாவில் கம்பியே இல்லாமல் அலையை அனுப்பித் தூரத்தில் இருந்த மணியை அடித்துக் காட்டியவர் போஸ். வயர்லெஸ் சுவிட்சுக்கு அவரும் ஒரு தாத்தாதான்.

ஐந்து பெண் குழந்தைகள். 1864-ஆம் வருஷம் நவம்பர் 24. நல்ல மழை. வீட்டிலிருந்து கல்லூரி மூன்று மைல் இருக்கும். பூல் நடந்தே போனார். தொப்பலாக நனைந்த துணியோடு வகுப்பு எடுத்தார். வீட்டுக்கு வந்ததும் காய்ச்சல். மேரிக்கு ஒரு நம்பிக்கை: எதனால் நோய் வந்ததோ அதையே மருந்தாகக் கொடுக்க வேண்டும். நனைந்ததால் வந்த காய்ச்சலுக்கு ஈரத் துணியால் சுற்றினார் என்று சொல்கிறார்கள். நுரையீரல் காய்ச்சல் முற்றி டிசம்பர் 8-ஆம் தேதி பூல் இறந்துபோனார். 49 வயசு. கடைசிக் குழந்தை எதெலுக்கு ஏழு மாசம்கூட ஆகவில்லை. மேரியைத் திட்டுகிறவர்கள் உண்டு. ஆன்டிபயாட்டிக் வருவதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு மேல் இருந்த காலம் அது. டாக்டர்களுக்கே அந்த நோய்க்குச் சரியான மருந்து தெரியாதபோது அந்தப் பெண்ணை மட்டும் குறை சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மேரி லண்டனுக்குப் போய் ஒரு பெண்கள் கல்லூரியில் நூலகராக வேலை பார்த்துப் பிள்ளைகளை வளர்த்தார். மூன்றாவது பெண் அலிசியா, அப்பாவைப் போலவே கல்லூரிப் பக்கம் போகாமல் நாற்பரிமாண வடிவங்களை அட்டையில் செய்து காட்டினார். 1914-ல் நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. லூசி வேதியியல் படித்து லண்டனில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்தினார். அப்பா முகத்தையே பார்த்து நினைவில்லாத எதெல் 1897-ல் எழுதிய நாவல் ரஷ்யாவில் லட்சக்கணக்கில் விற்றது.

பூலின் கணக்கு மட்டும் எழுபது வருஷத்துக்கு மேல் தத்துவ வகுப்பிலேயே தூங்கிக்கொண்டிருந்தது. நடுவில் எடிசன் பல்பு வந்தது, டக்கென்று தட்டினால் தீப்பொறி பறக்காமல் வெட்டும் சுவிட்ச் 1884-ல் வந்தது, டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்களில் ரிலேக்கள் நிறைந்தன. பெரிய ரிலே சர்க்யூட் போடுகிறவர்கள் அனுபவத்தையும் அதிர்ஷ்டத்தையும் நம்பித்தான் போட்டார்கள். கிளாட் ஷானன் என்ற 21 வயசு அமெரிக்கப் பையன் மிச்சிகனில் படிக்கும்போது ஒரு தத்துவப் பாடத்தில் பூலைப் பற்றிக் கேட்டிருந்தான். எம்.ஐ.டி.யில் (நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை, அமெரிக்காவில் உள்ளது) ஒரு பெரிய கணக்கு இயந்திரத்தின் ரிலேக்களோடு மல்லுக்கட்டும்போது அது ஞாபகம் வந்தது. ரிலே மூடியிருக்கிறது, திறந்திருக்கிறது, இரண்டே நிலை. அப்படியானால் பூலின் கணக்கு அப்படியே பொருந்துமே! 1937-ல் எழுதிய அந்த எம்.எஸ். ஆய்வேடு 1938-ல் அச்சானது. அதே 1930-களில் ஜப்பானில் நாகாஷிமா, ரஷ்யாவில் ஷெஸ்டகோவ் என்று இரண்டு பேர் தனித்தனியே அதே முடிவுக்கு வந்திருந்தார்கள். இன்றைக்கு ஸ்மார்ட் சுவிட்ச் ஆன் ஆகும்போது உள்ளே டிக் என்று ஒரு சத்தம் கேட்கிறதே, பல சுவிட்சுகளில் அது ஒரு குட்டி ரிலேதான்.

இப்போது அந்த மாடிப்படிக்கு வருவோம். பழைய டூ-வே சுவிட்சில் எக்ஸ்-ஆர் எங்கே இருந்தது? இரண்டு சுவிட்சுக்கும் நடுவே ஓடிய இரண்டு வயரில். கண்ணால் பார்க்கலாம், டெஸ்டர் வைக்கலாம். முதல் தடவை ஸ்மார்ட் சுவிட்ச் மாட்டியபோது அந்த எக்ஸ்-ஆர் வயரை விட்டுக் கிளம்பி கன்ட்ரோலர் மெமரிக்குள் போய்விட்டது. மேலே உள்ள பட்டன் கீழே உள்ள ரிலேக்கு அலையில் சேதி அனுப்புகிறது. கன்ட்ரோலருக்கு நம் சுவிட்ச் ஒரு நம்பர், அவ்வளவுதான். இசட்-வேவ் வகையில் ஒரு நெட்வொர்க்கில் 232 வரை நம்பர் உண்டு. பழசை நீக்கிப் புதுசைச் சேர்த்தால் புது நம்பர் கிடைக்கும். விதியோ இறந்துபோன பழைய நம்பரையே தேடிக்கொண்டிருக்கும். பழுதான நோடை மாற்று என்ற வசதி கன்ட்ரோலரில் இருக்கும். அந்த வழியாகப் போனால் பழைய நம்பரே புது சுவிட்சுக்கு வரும். இன்னொரு சங்கடமும் உண்டு. இந்தச் சுவிட்சுகள் ஒன்றின் சேதியை ஒன்று வாங்கி அடுத்ததுக்குக் கடத்துகின்றன. ஹால் சுவிட்சைக் கழற்றினால் பின்கட்டு சுவிட்ச் ஊமையாகிவிடலாம். கழற்றாத சுவிட்ச் ஏன் கெட்டது என்று வீட்டுக்காரர் நம்மைத்தான் கேட்பார்.

அமெரிக்க மாமா பெட்டியில் கொண்டுவந்த சுவிட்சை மாட்டச் சொன்னால் கும்பிடு போட்டுவிடுங்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. அதோடு அங்கே இசட்-வேவ் 908 மெகாஹெர்ட்ஸ் பக்கம் பேசும், இந்தியாவில் 865. ஒன்றுக்கொன்று காதே கேட்காது. பழைய வீடுகளில் சுவிட்ச் பாக்ஸுக்குள் நியூட்ரல் இருக்காது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நியூட்ரல் இல்லாமல் ஓடும் சுவிட்ச் பல்பு வழியாகவே கொஞ்சம் கரண்ட் திருடும், எல்.இ.டி. ஆஃபிலும் மினுக்கும்.

ஆனால் ஆளைக் கவிழ்ப்பது விதிகள்தான். ஒரு உதாரணம். பெரியவர்கள் இருவர் இருக்கும் வீடு. அப்பாவும் அம்மாவும் தூங்கியாச்சு என்றால் நடைவழி லைட் அணைய வேண்டும் என்பது பழைய விதி. அப்படியானால் எப்போது எரிய வேண்டும்? அவசரத்தில் புது கன்ட்ரோலரில் இருவரும் விழித்திருந்தால் எரியட்டும் என்று போட்டுவிட்டு வருவார்கள். டி மார்கனைக் கேட்டால் சொல்வார்: இருவரும் தூங்கியாச்சு என்பதற்கு எதிர்ப்பதம் அப்படி மாறாது, யாராவது ஒருவர் விழித்திருந்தால் போதும். இந்த ஒரு 'உம்' தப்பாகப் போனால், அப்பா குறட்டை விடும் நேரத்தில் தண்ணீர் குடிக்க எழுந்த அம்மா இருட்டில் தடவிக்கொண்டு போவார்.

அதனால் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன் ஒரு அரைத்தாள் எடுங்கள். எந்த லைட் எந்த எந்த நிலையில் 1, எதில் 0 என்று வீட்டுக்காரரைக் கேட்டு ட்ரூத் டேபிள் போடுங்கள். மாடிப்படிக்கு நாலு வரி. நடைவழிக்கும் நாலு வரி. போர்டிகோவுக்கு இருட்டு, ஆள் நடமாட்டம், இன்வெர்ட்டர் மூன்றும் சேர்ந்தால் எட்டு வரி. நாம் மூன்றாவது செமஸ்டரில் போட்டதுதான். வேலை முடிந்ததும் ஒவ்வொரு வரியாகத் தட்டிப் பார்த்து டிக் அடித்து, அந்தத் தாளை மடித்து டி.பி. பாக்ஸ் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டு வாருங்கள். பத்து வருஷம் கழித்து இந்தச் சுவிட்சையும் கழற்ற ஒரு ஜூனியர் வருவான்.